இருபத்திரண்டு தப்படி

பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் நூற்றிருபத்தாறு இருந்தது.

உபால்டோ ரிமோட்டின் திரையைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். நூற்றிருபத்தாறு மீட்டர். திங்கட்கிழமை, காலை ஆறரை. பதினோராம் பிளாக்கின் ஓரத்தில், லாரிக்குப் பின்னால், தார்ப்பாயின் மேல் ட்ரோன் தன் எட்டுக் கைகளையும் விரித்து உட்கார்ந்திருந்தது. தொட்டி நிறைய, வாழை இலையைக் கருக்குகிற சிகடோகா நோய்க்கு அடிக்கிற மருந்து, எண்ணெய் கலந்த மருந்து, நாக்குக்கு அடியில் செப்புக்காசை வைத்த மாதிரி தொண்டை வரைக்கும் இறங்குகிற அந்த வாடை. மேலே மழை என்றும் சொல்ல முடியாத பனி என்றும் சொல்ல முடியாத தூறல், ஜூனில் பிடித்து அக்டோபர் முடியப்போகிற இன்றைக்கும் விடாத தூறல், வாழை இலைகளில் சேர்ந்து சேர்ந்து, குலைகளுக்குப் போட்ட நீலப் பைகளின் மேல் டப், டப் என்று சொட்டிக்கொண்டிருந்தது.

இந்த மெஷினுக்கு இறங்கும் இடம் என்று ஒன்றைச் சொல்லிவைக்க வேண்டும். சிக்னல் அறுந்தாலும் பேட்டரி தீர்ந்தாலும் அது யாரையும் கேட்காமல் அங்கேதான் போய் இறங்கும். திரையில் அதற்கு ஒரு மஞ்சள் வட்டம், பக்கத்தில் எத்தனை மீட்டர் என்று ஒரு எண். கிளப்புமுன் வட்டம் உன் காலடியில் இருக்கிறதா என்று பார். எண்ணைப் பார். "பூஜ்யம்" என்று வாய்விட்டுச் சொல். தோட்டத்தின் மறுமுனையில் மெஷினைக் கண்ணால் பார்த்துக்கொள்ள நிற்கிற ஆள் வாக்கிடாக்கியில் "பூஜ்யம்" என்று திருப்பிச் சொல்லட்டும். அப்புறம்தான் விரலை அசைக்கணும். படித்தவர்கள் எழுதிக்கொடுத்த விதிகளில் உருப்படியானது அது ஒன்றுதான்.

"என்ன டோன் உபால்டோ, தூங்கிட்டீங்களா?" வாக்கிடாக்கியில் கிளேவர். மறுமுனையில் நிற்கிறவன் இப்போது அவன்தான், மரியாதைக்கு 'டோன்' போட்டுத்தான் கூப்பிடுவான். "இங்க கொசு என்னை மூட்டை கட்டித் தூக்கிட்டுப் போகுது."

"வட்டம் தப்பாக் காட்டுது. இரு."

"ரெண்டு தட்டு தட்டுங்க. எங்க மாமியார் வீட்டு டிவி தட்டினாத்தான் படம் காட்டும். மாமியாரும் அப்படித்தான்."

உபால்டோ ரிமோட்டை அணைத்துப் போட்டான். நூற்றுப் பன்னிரண்டு. மறுபடி அணைத்துப் போட்டான். தொண்ணூற்றெட்டு.

வட்டம் அவன் முதுகுப் பக்கம், வாழை வரிசைகளுக்கு உள்ளே இருந்தது. திரும்பிப் பார்த்தான். நீலப் பைகள் காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தன, வரிசை வரிசையாக, கண்ணுக்கு எட்டுகிற வரை. ஒரு வரிசையில் மட்டும் ஆடவில்லை. யாரோ தோளால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி.

"காத்து சரியில்ல," என்றான் வாக்கிடாக்கியில். "இன்னிக்கு வேணாம்."

"காத்தே இல்லையே டோன் உபால்டோ."

"வேணாம்னா வேணாம்."

*

திங்கட்கிழமை எட்டு மணிக்கு பேக்கிங் கொட்டகையில் வகுப்பு. குலை கழுவுகிற தொட்டிகளுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எல்லாரையும் உட்கார வைத்து, இஞ்சினியர் மொஸ்கோசோ பாடம் சொல்லுவாள். மலை ஊரில் படித்துவிட்டு வந்த பெண், கெட்டவள் இல்லை, ஆனால் காகிதத்தில் இருப்பதுதான் நடந்தது என்று நினைக்கிற ஜாதி. சுவரில் படம் காட்டினாள். இதே கொட்டகைக்கு வெளியே இருக்கிற சிமென்ட் களம். களத்தில் யாரும் இல்லை, கழுவிவிட்டுத்தான் படம் எடுத்திருந்தார்கள்.

"பாடம் நாலு. மெஷின் இறங்கும்போது வட்டத்துக்குள்ள யாரும் போகக் கூடாது. போன வருஷம் ஆகஸ்ட்ல உத்தரவில்லாம உள்ள போனதால ஒரு தொழிலாளி இறந்துபோனாங்க. நெல்ஃபா கிமி."

பின்வரிசையில் ஒருவன் எழுந்து கையை நீட்டிச் சோம்பல் முறித்தான். "டேய், நெல்ஃபா மாதிரி நிக்காத, உக்காரு," என்றான் கிளேவர். நாலு பேர் சிரித்தார்கள். சிரித்து முடிக்குமுன் எல்லார் பார்வையும் உபால்டோ பக்கம் வந்து, தரைக்குப் போனது.

"மன்னிச்சிடுங்க டோன் உபால்டோ," கிளேவர் முகம் செத்துவிட்டது. "வாய் பழகிப்போச்சு."

வாய் பழகிப்போச்சு. அவ்வளவுதான். இருபது வருஷம் அவனோடு குடித்தனம் பண்ணி ஒரே தட்டில் வாழைக்காய் உருண்டை தின்றவள், இந்தத் தோட்டத்தில் இப்போது ஒரு வசவு.

நெல்ஃபா கொடிக்காரியாக இருந்தவள். ட்ரோன் வருவதற்கு முன்னால் விமானம்தான் மருந்து அடிக்கும். தோட்டத்துக்குள் ஒரு ஆள் மூங்கில் கழியில் வெள்ளைத் துணி கட்டி நிற்கணும். விமானம் அந்தக் கொடியைப் பார்த்து வரும், தலைக்கு மேல் மருந்தைக் கொட்டிவிட்டுப் போகும். கொடிக்காரி முகத்தில் படாமல் முதுகைக் காட்டி நிற்பாள். போனதும் எண்ணி இருபத்திரண்டு தப்படி நடந்து அடுத்த கோட்டில் நிற்பாள். மூக்குக்கடியில் கற்பூரக் களிம்பு. விமானம் வழி தப்பித் தாழ வந்தால் ஆள் ஓடக் கூடாது. வெட்டவெளிக்குப் போய்க் கொடியை உயர்த்தி மெதுவாக, ரொம்ப மெதுவாக ஆட்டணும். விமானி பார்த்து மூக்கைத் தூக்குவான். நெல்ஃபா அப்படி மூன்று விமானங்களைத் தூக்கியிருக்கிறாள்.

அந்த ஆகஸ்டில் இறங்கும் இடம் கொட்டகைக் களத்தில் குறித்திருந்தது. காலையில் அங்கிருந்துதான் அடித்தார்கள். பத்து மணிக்கு உபால்டோ லாரியைக் கிழக்கு பிளாக்குக்கு நகர்த்தினான். வட்டத்தை நகர்த்தவில்லை. சோம்பல். எண்ணைப் பார்க்கவில்லை. எதிரே ஆள் இருந்தால் கண்டு நிற்கிற மெஷினின் முன்கண்ணில் படிந்த எண்ணெயையும் துடைக்கவில்லை. "பூஜ்யம்" என்று சொன்னான், பழகிப்போன வாயால். மறுமுனையில், கொட்டகைப் பக்கம், பழைய கொடியோடு மெஷினைப் பார்த்துக்கொள்ள நின்ற நெல்ஃபா "பூஜ்யம்" என்றாள். அவன் சொன்னால் அவளுக்குச் சரி.

நடுவானில் சிக்னல் அறுந்தது. மெஷின் திரும்பி, பாதித் தொட்டி மருந்தோடு, பெண்கள் குலை கழுவிக்கொண்டிருந்த கொட்டகைக்கு நேராகத் தாழ்ந்து வந்தது. நெல்ஃபா பார்த்தாள். வெட்டவெளிக்கு, களத்தின் நடுவுக்குப் போய், முதுகில் கொட்டகையை வைத்துக்கொண்டு, கொடியை உயர்த்தி மெதுவாக ஆட்டினாள். மெஷினுக்குள் கொடியைப் பார்க்க விமானி இல்லை.

விசாரணைக்கு வந்தவர்கள் கேட்டபோது உபால்டோ, வட்டம் சரியாத்தான் இருந்தது, அவளாக உள்ளே போனாள் என்றான். அன்றைக்கு அவனுக்குப் பயம். மறுநாள் பயம் தெளிந்தது. அதற்குள் காகிதத்தில் ஏறிவிட்டது.

*

வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்து கொல்லைச் சிமென்டில் உட்கார்ந்து ரிமோட்டைப் போட்டான். எண்பத்துநாலு. இத்தனைக்கும் வீடு பதினோராம் பிளாக்கிலிருந்து மூன்று கிலோமீட்டர்.

கரித்துண்டால் தரையில் எழுதினான். நூற்றிருபத்தாறு. நூற்றுப் பன்னிரண்டு. தொண்ணூற்றெட்டு. எண்பத்துநாலு. மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான், கழிக்கத் தெரியும். பதினான்கு. பதினான்கு. பதினான்கு.

கரி கையிலிருந்து விழுந்தது.

மற்ற கொடிக்காரர்களின் இருபத்திரண்டு தப்படி பதினெட்டு மீட்டர் வரும். நெல்ஃபா குட்டை. கல்யாணமான புதிதில் அவள் பின்னாலேயே நடந்து கயிறு வைத்து அளந்து கேலி பண்ணியிருக்கிறான்: "உன்னை நம்பி மருந்தடிச்சா ஒரு வாழைக்கு ரெண்டு தடவை விழும்டி. பதினாலு மீட்டர்தான் தாண்டுற."

"ரெண்டு தடவை விழுந்தா நோய் வராது, போ," என்றாள் அவள்.

செவ்வாய்க்கிழமை ரிமோட்டை இஞ்சினியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். என்ன என்று சொல்லவில்லை, வட்டம் தப்பு என்று மட்டும் சொன்னான். அவள் போட்டாள். எழுபது. "சாட்டிலைட் தகராறா இருக்கும் டோன் உபால்டோ, தூறல் பாருங்க," என்று அணைத்து மறுபடி போட்டாள். ஐம்பத்தாறு.

"போதும்," என்று பிடுங்கிக்கொண்டான்.

"புதுசு கேட்டு எழுதட்டுமா?"

அது அவன் காதில் விழவில்லை. இஞ்சினியர் அறைக்கு வெளியே, ஈரச் சிமென்டில், ரப்பர் பூட்ஸ் உரசுகிற சத்தம் வந்தது. கீச். கீச். கீச். எண்ணினான். இருபத்திரண்டில் நின்றது. வெளியே போய்ப் பார்த்தான். களம் ஈரமாக, காலியாக, பாடம் நாலில் காட்டுகிற படம் மாதிரியே இருந்தது.

அன்றிலிருந்து ரிமோட்டைப் போடவில்லை. உடம்பு சரியில்லை என்று விடுப்பு சொன்னான். அடுக்களை மேஜையில் அது கிடந்தது, வாக்கிடாக்கிக்குப் பக்கத்தில்.

வியாழக்கிழமை மதியம் சோய்லா வந்தாள். நெல்ஃபாவின் தங்கை. சனிக்கிழமை இறந்தோர் நாள் என்பதால் ஒரு பானை ஊதாக் கூழும், கம்பளியில் சுற்றின பிள்ளை உருவத்தில் சுட்ட ரொட்டியும் கொண்டுவந்திருந்தாள். அவற்றோடு ஒரு காகிதம்.

"மச்சான், பள்ளிக்கூடத்து வாத்தியார்கிட்ட சொல்லி எழுதி வாங்கியிருக்கேன். அக்கா பேரைப் பாடத்துலேர்ந்து எடுக்கச் சொல்லி. நீ கையெழுத்துப் போட்டாத்தான் எடுபடும். மெஷினை ஓட்டினது நீதானே."

உபால்டோ எழுத்துக் கூட்டிப் படித்தான். *இறங்கும் இடத்தை மாற்றாதது நான். என் மனைவி வட்டத்துக்குள் நுழையவில்லை. அவள் நின்ற இடத்தில் நான் வட்டத்தை விட்டுவிட்டேன்.*

"இதை யாரு சொன்னா உனக்கு?"

"யாரு சொல்லணும்? அக்கா ஒரு வட்டத்துக்குள்ள தானாப் போறவளா? உன்னைத் தவிர வேற எந்தக் குழியிலயும் அவ விழுந்ததில்ல." சோய்லா சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "என் மவனை நேத்து அங்க வேலைக்கு எடுத்திருக்காங்க மச்சான். முதல் நாளே நெல்ஃபா மாதிரி நிக்காதேன்னு சொன்னானாம் ஒருத்தன். இவனும் சிரிச்சிருக்கான். பெரியம்மான்னு தெரிஞ்சே சிரிச்சிருக்கான்."

"என் லைசென்ஸு போயிடும் சோய்லா. உள்ள தூக்கிப் போட்டாலும் போடுவானுங்க."

"போடட்டுமே."

"வெள்ளிக்கிழமை போடுறேன்."

"எந்த வருஷத்து வெள்ளிக்கிழமை?"

பானையை வைக்க மேஜையில் இடம் பண்ணினாள். ரிமோட்டை எடுத்து நகர்த்தினாள், விரல் எங்கேயோ பட்டது, திரை விழித்துக்கொண்டது.

"தொடாதே!"

அவன் போட்ட கூச்சலில் கூழ் சிந்தியது. நாற்பத்திரண்டு. சோய்லா அவனையே பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள்.

"கற்பூரக் களிம்பு தேய்ச்சியா மச்சான்? அக்கா வாடை அடிக்குது."

*

வெள்ளிக்கிழமை போனது.

சனிக்கிழமை சாயந்திரம் நாலு மணி. ஊரே கல்லறைக்குப் போயிருந்தது, பாண்டு வாத்தியம் தூரத்தில் ஒரு வாட்டி கேட்டு நின்றது. உபால்டோ போகவில்லை. அடுக்களை வாசலில் நாற்காலி போட்டுக் கொல்லையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். முன்னால் சிமென்ட் தளம், அதைத் தாண்டி வாழை. தூறல் அன்றைக்குக் கனத்திருந்தது, முதல் வரிசைக்குப் பின்னால் பகலா மாலையா என்று தெரியாத வெள்ளை, தகரக் கூரையில் சத்தமே இல்லாமல் ஈரம் ஊறி ஓரத்தில் மட்டும் சொட்டியது, கூழில் போட்ட பட்டையும் கிராம்பும் புளித்து வாடை வர ஆரம்பித்திருந்தது, அதற்கு மேலே, அதை அமுக்கிக்கொண்டு, கற்பூரம். மடியில் காகிதம், பேனா. காலடியில் ரிமோட், வாக்கிடாக்கி.

பயம்தான். ஆனால் பயத்துக்கு அடியில் இன்னொன்று கிடந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று அவளைப் பார்த்து.

குனிந்து, தன் கையாலேயே போட்டான்.

இருபத்தெட்டு.

கீச். கீச். வாழைக்குள்ளே. இருபத்திரண்டு. நின்றது. முதல் வரிசைக்குப் பின்னால், நீலப் பைகளுக்கு மேலே, வெள்ளைத் துணியின் முனை தெரிந்தது. கதவுக்குப் பின்னால் பார்த்தான். கம்பெனிக்காரர்கள் திருப்பிக் கொடுத்த மூங்கில் கழி அங்கே சாத்தியிருக்கும். இல்லை.

தொடையில் வைத்துக் கையெழுத்துப் போட்டான். கோணலாக, முழுப் பெயரையும்.

"போட்டுட்டேன் நெல்ஃபா. பாரு. சொல்லிட்டேன்."

கொடி அசையவில்லை. கோபமாக வந்திருந்தால் தாங்கியிருப்பான். அவள் கோபமாக வரவில்லை. வேலைக்கு வந்திருந்தாள். ஓட்டுகிறவன் அடுத்த கோடு எடுக்கிற வரைக்கும் கொடிக்காரி நிற்பாள். வருஷக் கணக்கானாலும் நிற்பாள்.

அணைத்தான். போட்டான்.

பதினான்கு.

வெளியே வந்துவிட்டாள். சிமென்ட் தளத்தின் அந்த ஓரத்தில். முதுகைக் காட்டிக்கொண்டு. மஞ்சள் பூப்போட்ட முக்காடு. நனைந்த சட்டை, தோள்பட்டை எலும்பு தெரிய. குட்டைக் கால்களில் பெரிய பூட்ஸ். அவளேதான். முதுகு முழுசாக இருந்தது. மெஷின் முன்பக்கமாக வந்தது என்பது அவன் ஞாபகத்துக்கு வந்தது.

"திரும்பாதே," என்றான். அழுதான். "நெல்ஃபா, திரும்பு."

அணைத்தான். போட்டான்.

கீச். கீச். பின்புறமாகவே நடந்து வந்தாள். இருபது. இருபத்தொன்று.

பூஜ்யம்.

கை நீட்டினால் தொடலாம். தொடவில்லை. திரையைப் பார்த்தான். மஞ்சள் வட்டம் அவள் காலடியில் இல்லை. அவன் நாற்காலியில் இருந்தது. இருபத்திரண்டாவது தப்படியை அவள் எடுக்கவில்லை, அவனுக்கு ஒரு தப்படி முன்னாலேயே நின்றுவிட்டாள்.

அப்போதுதான் சத்தம்.

மேலே. தூரத்தில். எட்டு இறக்கைச் சத்தம். மெஷின் கம்பெனிக் கிடங்கில் பூட்டிக் கிடக்கிறது. சத்தம் தாழ்ந்தது. வாழை இலைகள் மேலிருந்து அமுங்கின. தூறல் வட்டமாகக் குழிந்தது. குழிக்குள் ஒன்றும் இல்லை.

நெல்ஃபா கொடியை உயர்த்தினாள். மெதுவாக ஆட்டினாள். ரொம்ப மெதுவாக. அவனுக்குத் தெரியும் அது என்ன என்று. *தூக்கு. மேலே தூக்கு. கீழே ஆள் இருக்கிறது.*

வாக்கிடாக்கியை எடுத்து அழுத்தினான். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னான்.

"வட்டம் தப்பு. நெல்ஃபா, வட்டம் தப்பு. ஓடு. ஓடுடி."

கரகரப்பு. பிறகு அவள் குரல். சாதாரணமாக. தினமும் சொல்கிற மாதிரி. அவன் சொன்னால் அவளுக்குச் சரி.

"பூஜ்யம்."

காற்று அடித்தது. மடியிலிருந்த காகிதம் எழும்பி, அவள் தோளைத் தாண்டி, மேலே போனது. கொடி நுனியிலிருந்து கிழிய ஆரம்பித்தது. அவள் நகரவில்லை. ஆட்டுவதை நிறுத்தவில்லை. வெள்ளைத் துணுக்குகள் சிமென்டில் விழுந்தன, அவன் முழங்காலில் விழுந்தன. எது கொடி, எது காகிதம் என்று தெரியவில்லை.

அதற்கப்புறம் விழுந்தவை வெள்ளையாக இல்லை.